கண் சிமிட்டச் சொல்ல ஓர் ஆள்

மட்டக்களப்பு நகரத்தில் கோகுலராஜ் அறியாத தம்பதிகள் குறைவு. கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் எதிரே வருகிறவனைக் கண்டால், தாலி கட்டும்போது இவனுக்குத்தான் கை நடுங்கியது என்று ஞாபகம் வரும். சந்தையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்கிற பெண்ணைக் கண்டால், இவள் மாலை மாற்றும்போது தும்மினவள், அந்தத் தும்மலை வெட்டி எடுத்தவன் நான் என்று நினைத்துக்கொள்வான். ஒருமுறை பஸ்ஸில் தன்னை மறந்து ஒரு சோடியைப் பார்த்துச் சிரித்தும் விட்டான். அந்த மனிதர் மனைவியை யன்னல் பக்கமாக இருக்க வைத்து, நடுவில் தான் நகர்ந்து இருந்துகொண்டார்.

அவர்களுக்கு இவனைத் தெரியாது. அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் இவன் ஒரு பிடி சோறு உண்டதில்லை. கமராக்காரர் கொண்டுவந்து போடுகிற கசற்றைக் கொம்பியூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பூவிதழ் கொட்டவிட்டுக் கொடுப்பது மட்டும்தான் இவன் வேலை.

வல்லிபுரத்தின் ஸ்ரூடியோ வாவிக்கரைத் தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. முன்னறையில் படம் எடுப்பார்கள். பின்னறையில் கொம்பியூட்டர். மேசைக்கும் சுவருக்கும் இடையில் பாய் விரித்தால் அந்தப் பின்னறையே கோகுலராஜின் வீடும். வாகரையில் இருந்த வீட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை கடல் கொண்டுபோயிருந்தது, அம்மாவையும் தங்கச்சி கலாஜினியையும் சேர்த்து. அவன் அன்றைக்கு வாழைச்சேனையில் வலை நூல் வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு அகதி முகாமில் யாரோ நடத்திய கொம்பியூட்டர் வகுப்பில் இருந்தான். அங்கே கதிரை நிழலில் இருந்தது, கடல் தெரியவில்லை, அது போதுமாக இருந்தது. அடுத்த வருடம் இங்கே வந்தவன், இங்கேயே தங்கிவிட்டான்.

கொம்பியூட்டர் வந்த நாளில் வல்லிபுரம் அதற்கு ஒரு கோயில் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தூசி வரும், வெளிச்சம் பட்டால் நிறம் பிழையாகத் தெரியும் என்று யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தார். ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள்; அந்த ஆற்றுப்பக்கம் பார்த்த யன்னல் அது. கரையில் இராணுவக் காவலரண் இருந்த காலத்தில் அப்படியான யன்னல் மூடிக்கிடப்பதே நல்லது என்ற கணக்கும் அதில் இருந்தது. மொனிற்றரைக் கொம்பியூட்டர் பெட்டிக்கு மேல் ஏற்றி, அதற்கு மேல் சுவரில் ஒரு பிள்ளையார் படம் மாட்டி, சிவப்புக் குமிழ் எரிய விட்டார். சூடாகாமல் இருக்க ஒரு காற்றாடியை நேரே முகத்துக்குத் திருப்பி வைத்தார். அந்தக் காற்றையும் அந்த ஒளியையும் நான்கைந்து வருடம் முகத்தில் வாங்கிக்கொண்டு கோகுலராஜ் இருந்தான்.

சண்டை முடிந்த வருடம் கலியாணங்கள் அடைமழையாய்க் கொட்டின. வெளிநாட்டில் இருந்தவர்கள் வந்தார்கள். தள்ளிப்போட்டுக் கிடந்த சம்பந்தங்கள் எல்லாம் கூடிவந்தன. விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை மொனிற்றருக்கு முன்னால் இருக்க வேண்டியதாயிற்று. முதலில் கண் காந்தியது. பிறகு இமைக்குள் வாகரை மணலில் ஒரு சிட்டிகை கிடப்பதுபோல் உறுத்தியது. பின்நேரமானால் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு மணப்பெண் மங்கலாக நின்றாள். தெருவில் இறங்கினால் காற்றுப் பட்டுத் தண்ணீர் வடிந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள், அழுகிறான் என்று நினைத்து.

ஆசுப்பத்திரியின் கண் பகுதியில் இருந்த டொக்டர் அம்மா ஒரு வெளிச்சத்தை விட்டுப் பார்த்தார்.

"கண்ணில வருத்தம் ஒண்டும் இல்ல. நீங்க கண் சிமிட்டிறதில்ல. அதுதான் வருத்தம்."

"சிமிட்டுவன்தானே டொக்டர்."

"இப்ப சிமிட்டுறீங்க. ஸ்கிறீனைப் பாத்தா மறந்துபோகும். எல்லாருக்கும் அப்படித்தான். சிமிட்டினால்தான் கண் நனையும். மொனிற்றர் எந்த உயரத்தில இருக்கு?"

அவன் கையால் காட்டினான்.

"அதுக்கு மேல?"

"பிள்ளையார்."

"பிள்ளையார் மேலயே இருக்கட்டும். மொனிற்றரைக் கீழ இறக்குங்க. சாமியைத்தான் அண்ணாந்து பாக்கிறது. அண்ணாந்து பாத்தா கண் முழுசாத் திறந்து கிடக்கும், இன்னும் கெதியாக் காயும். காத்தாடியை மற்றப் பக்கம் திருப்புங்க. அறையை இருட்டாக்கி வைக்காதீங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா எழும்பித் தூர இருக்கிற ஏதாவது ஒண்டப் பாருங்க. கடையில சொட்டு மருந்து வாங்கி விடாதீங்க." எழுதியதை நீட்டியபடியே சொன்னார்: "வீட்டில ஆரையும் பக்கத்தில இருந்து சொல்லச் சொல்லுங்க, சிமிட்டு சிமிட்டு எண்டு. பழகிப்போகும்."

"வீட்டில... சரி டொக்டர்."

வல்லிபுரம் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "டொக்டரம்மா வந்து எடிற் பண்ணித் தருவாவாமா? துணியைக் கழட்டினா மொனிற்றர்ல உன்ட மூஞ்சிதான்டா தெரியும், பொம்புளைட மூஞ்சி தெரியா." ஆனாலும் மொனிற்றரை இறக்குவதற்கு ஒரு பக்கம் பிடித்தார். காற்றாடியைத் தன் முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டார். துணி மட்டும் அப்படியே கிடந்தது.

சிமிட்டுவதுதான் பெரிய பாடாக இருந்தது. மூச்சை நினைத்து நினைத்து விடச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. முதல் கொஞ்சம் நினைவாகச் சிமிட்டுவான். பிறகு ஒரு மாமன்காரன் நடுவில் வந்து கமராவை மறைப்பான், அவனை வெட்ட வேண்டிவரும், சிமிட்டுவது போய்விடும். கைத்தொலைபேசியில் மணி அடிக்க விட்டுப் பார்த்தான். அடித்தது. நிறுத்தினான். அவ்வளவுதான். மணிக்கு இவன் கண்ணைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் பாலசுந்தரி வந்தார்.

பழுகாமத்திலிருந்து களுவாஞ்சிகுடிக்கு வந்து பஸ் பிடித்து வந்தவர். கையில் ஒரு குடை, ஒரு துணிப்பை. முன்னறைக் கதிரையில் இருக்காமல் நின்றபடி வல்லிபுரத்திடம் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன், சமாதானம் என்று இருந்த காலத்தில், பழுகாமத்தில் தனுஷியாவின் கலியாணத்துக்கு நீங்கள்தானே வீடியோ எடுத்தீர்கள். அந்தக் கலியாணத்தில் என் மகன் ரதீஸ் நின்றவன். அவனுடைய படம் ஒன்று வேண்டும்.

"மகன்ட படத்துக்கு அடுத்த வீட்டுக் கலியாணத்துக்கு வாறியளே மாமி. வீட்டில ஒண்டும் இல்லையா?"

"எரிச்சுப்போட்டன் மனே."

வல்லிபுரம் மேலே கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஆற்றுக்கு அங்கால் படுவான்கரையில் எத்தனையோ வீட்டில் அல்பம் அடுப்பில்தான் போனது. படத்தில் பக்கத்தில் நிற்பவன் யார், தோளில் கை போட்டிருப்பவன் இப்போது எங்கே என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாத காலம். தனுஷியாவின் வீட்டுக் கசற்றும் வீட்டோடு போய்விட்டது. ரதீஸ், சண்டை படுவான்கரைக்கு வந்த அந்த மார்கழிக்குப் பிறகு, எல்லோரும் இடம்பெயர்ந்து ஓடியபோது, மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனவன். மாடுகள் வந்தன.

"காணாமப் போன ஆக்கள்ட விவரம் எடுக்க வருகினமாம். படம் இல்லாட்டி எடுக்கமாட்டினமாம். அதுக்கு மட்டும் இல்ல மனே..." பாலசுந்தரி இப்போது வல்லிபுரத்தை விட்டு, கதவடியில் நின்ற கோகுலராஜைப் பார்த்துச் சொன்னார். "முகம் வருது. கண்தான் வருகுதில்ல. நினைச்சுப் பாக்கக்குள்ள கண் இரிக்கிற இடத்தில புகை மாதிரி ஒண்டு நிக்கிது."

எடிற் செய்த பிரதி ஸ்ரூடியோவில் இருந்தது. கோகுலராஜ் அதை ஓடவிட்டான். பாலசுந்தரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரை வேண்டாம் என்று சொல்லி, பிறகு இருந்தார். முதலில் தாமரைக்குளம் வந்தது. ஆற்றில் காலை வெயில் வந்தது. தலைப்பு வந்தது. பிறகு சனம்.

இரவுப் பந்தி நடக்கிற இடத்தில், "இந்தா, இந்தா! வாளியோட!" என்று பாலசுந்தரி எழும்பிவிட்டார்.

சாம்பார் வாளியுடன் ஓர் இளைஞன் வரிசையில் வந்தான். மெலிந்த ஆள், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். வீடியோ லைற் அவன் பக்கம் திரும்பியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னும் ஓரிடத்தில் வந்தான், முதுகு. இன்னோரிடத்தில் தோள். ஒரே ஓரிடத்தில் நேராக, தெளிவாக, படம் முழுக்க அவன் முகம் நின்றது. கோகுலராஜ் நிறுத்தினான்.

கண் மூடியிருந்தது.

ஒரு பிரேம் முன்னே போனான். மூடியிருந்தது. பின்னே வந்தான். மூடத் தொடங்கியிருந்தது; இரண்டு கோடு. அதற்கு முன் வாளியின் விளிம்பு மறைத்தது. அதற்குப் பின் தலை திரும்பிவிட்டது.

"இது செத்த வீட்டில எடுத்த படம் மாதிரிக் கிடக்கு," என்றார் பாலசுந்தரி. குரலில் அழுகை இல்லை, ஒரு பிழையைச் சுட்டுகிற குரல். "இதக் குடுத்தா அவங்க என்ன நினைப்பாங்க? கண் திறந்த படம் எடுத்துத் தா மனே. எத்தின நாள் ஆனாலும் நான் வாறன்."

அவர் போன பிறகு கோகுலராஜ் கலியாணம் முழுவதையும் பிரேம் பிரேமாகத் தள்ளினான். வேலை முடிகிற வேளைகளில், சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, பந்தியை மட்டுமல்ல, மணவறையை, வாசலை, சமைக்கிற கொட்டிலைக் கூடத் துழாவினான். கண்ணில் மணல் கூடியது. ரதீஸ் இருந்தான், ஆனால் வெளிச்சம் தேடிப்போன இடமெல்லாம் அவன் இல்லை, அல்லது கண்ணை மூடிக்கொண்டு இருந்தான்.

அப்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வேறொருவரின் கண்ணை எடுத்து ஒட்டலாம். மணமக்கள் படத்தில் யாராவது கண் மூடியிருந்தால் வழக்கமாகச் செய்கிற வேலைதான். முகவெட்டு ஒத்த ஒருவனைப் பார்த்துத் தெரிவுசெய்தான். நிறத்தைச் சேர்த்தான். புருவத்துக்குக் கீழே நிழல் போட்டான். அழகாக வந்தது. வல்லிபுரம்கூட எட்டிப் பார்த்து, "டேய், கெட்டிக்காரன்டா நீ" என்றார்.

அடுத்த முறை வந்தபோது பாலசுந்தரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். மூக்கைத் தொட்டார், வாயைத் தொட்டார். கண்ணுக்கு வந்தபோது விரல் நின்றது.

"ஆருட கண் இது?"

கோகுலராஜ் மேசையில் கிடந்த கசற்றை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"இது மாப்பிள வினோஜன்ட கண்தானே! பொம்புளையப் பாத்துக்கொண்டு நிண்ட கண். என்ட புள்ள ஆரை இப்புடிப் பாத்தவன்?" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கோகுலராஜுக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பின்னறையில் இரண்டு பேர் சிரித்து அவன் கேட்டதில்லை. சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியாமல் பாலசுந்தரி கண்ணைத் துடைத்தார்.

பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"உன்ட கண் என்ன மனே இப்புடிச் சிவந்து கிடக்கு?"

அவன் சொன்னான். டொக்டர் சொன்னதையும் சொன்னான், சிமிட்ட மறந்துபோகிற கதையை. சின்னப் பிள்ளைகளின் வருத்தத்தைச் சொல்வதுபோல் வெட்கமாக இருந்தது.

"இதென்ன புதினம். கண் சிமிட்ட ஆரும் மறப்பாங்களா? சரி, நீ பாரு. நான் சொல்றன்."

அவன் கலியாணத்தை மறுபடி தொடங்கினான். பாலசுந்தரி பக்கத்தில் இருந்தார். கொஞ்சம் போனதும், "சிமிட்டு மனே" என்றார். சிமிட்டினான். மறுபடி கொஞ்சம் போனதும், "சிமிட்டு." அவர் மொனிற்றரைப் பாதியும் அவனைப் பாதியுமாகப் பார்த்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்குகையில், எழும்பி வந்து யன்னலடியில் நின்றார். கறுப்புத் துணியின் ஒரு மூலையில் ஆணி கழன்றிருந்தது. அதைப் பிடித்து மடித்து மேலே செருகினார், வீட்டில் திரைச்சீலையை மடித்துச் செருகுவதுபோல, கேட்காமலே.

ஆறு தெரிந்தது. வெயிலில் அது தகடு மாதிரிக் கிடந்தது. ஒரு தோணி நின்றது, அல்லது மிகவும் மெதுவாகப் போனது. அதற்கு அப்பால் படுவான்கரை ஒரு பச்சைக் கோடு.

"தூரப் பாக்கச் சொன்னவங்கதானே? பாரு. அங்கால தெரியிறது எங்கட பக்கம்தான். நல்லாப் பாரு."

அவன் பார்த்தான். நெடுநாள் இறுக்கிக்கொண்டிருந்த ஒரு முடிச்சு கண்ணுக்குப் பின்னால் மெல்ல நெகிழ்வதுபோல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீர் உள்ள பக்கம் அவன் இப்படி நின்று பார்த்ததில்லை. இது ஆறு, கடல் இல்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

"உன்ட அம்மாட படம் வச்சிரிக்கியா மனே?"

"இல்ல மாமி. வாகரைக்கு வீடியோக்காரங்க ஆரும் வந்ததில்ல."

வயதில் மூத்த பெண்கள் எல்லோரையும் அவன் மாமி என்றே அழைத்தான். அம்மா என்ற சொல்லை வேறு ஒருவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. பாலசுந்தரி யன்னலை விட்டு வந்து கதிரையில் இருந்தார். மொனிற்றரில் லைற் பட்டு ரதீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"அவனுக்குச் சின்னனில இருந்தே வெளிச்சம் ஏலா," என்றார். "வெயிலுக்குள்ள கூப்பிட்டா கண்ணப் பொத்திக்கொண்டுதான் வருவான். பெற்றோல்மக்ஸ் கொளுத்தினா முதுகு காட்டிக்கொண்டு இரிப்பான். அந்திப்பட்டாத்தான் புள்ள நல்லா முழிச்சுப் பாப்பான். நீ லைற் உள்ள இடமாப் பாத்துப் பாத்துத் தேடுறாய் மனே."

கோகுலராஜின் கை மவுஸில் நின்றுவிட்டது.

லைற் உள்ள இடம்தான் எடிற் செய்த கலியாணத்தில் இருக்கும். லைற் இல்லாத இடத்தை எல்லாம் வெட்டி எறிந்திருப்பார்கள். அவன் வேலையே அதுதானே.

முன்னறைக்குப் போய், "அண்ணே, பழுகாமத்துக் கலியாணத்தின்ட வெட்டாத கசற் இரிக்கா?" என்று கேட்டான்.

"அந்தக் காலத்துக் கசற்றா? அதுக்கு மேல எத்தின கலியாணம் எடுத்தாச்சு." வல்லிபுரம் காதைச் சொறிந்தார். பிறகு நிறுத்தினார். "நில்லு. அந்தத் தாமரைக்குளம். அது பழுகாமத்துக்குப் போகக்குள்ள எடுத்ததுதானே?"

வல்லிபுரம் எடுத்த பாதிக் கலியாணங்கள் அந்தத் தாமரைக்குளத்தோடுதான் தொடங்கின. பொத்துவில் பெண்ணுக்கும் அதே தாமரை, பாசிக்குடா மாப்பிள்ளைக்கும் அதே தாமரை. அந்த ஒரு குளத்துக்காக அந்த ஒரு கசற்றை வல்லிபுரம் அழிக்காமல் வைத்திருந்தார். அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

கசற் ஓடியது. தாமரை, ஆறு, பாலம். பந்தி. வாளியோடு ரதீஸ். கண் மூடினான், திரும்பினான். அதற்குப் பிறகு, எடிற்றில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பாயசம் ஊட்டுகிற இடம் வர வேண்டிய நேரத்தில், படம் ஒருமுறை துடித்து அப்படியே கறுத்துப்போனது.

"ஜெனறேற்றர் நிண்டது," என்றார் வல்லிபுரம், பின்னால் வந்து நின்றபடி. "ஞாபகம் இரிக்கு. மண்ணெண்ணெய் கலந்து ஊத்திப்போட்டானுகள். நான் கமராவைக் கதிரையில வச்சிட்டு ஏசப் போன நான். நிப்பாட்ட மறந்திட்டன்."

இருட்டு ஓடிக்கொண்டிருந்தது. கோகுலராஜ் கறுப்புத் துணியைக் கீழே இறக்கிவிட எழும்பினான். பாலசுந்தரி கையைப் பிடித்தார். "வேணாம். இரி. இரிக்கிற வெளிச்சத்தில பாரு." ஒளியைக் கூட்டினான். கறுப்பு மெல்லச் சாம்பலானது. சாம்பலுக்குள் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் கொதித்தன. தூரத்தில் ஒரு விளக்கு, அதன் முன் ஆட்கள் போய் வந்தார்கள். கண் காந்தியது. "சிமிட்டு," என்றார் பாலசுந்தரி. சிமிட்டினான். இன்னும் கூட்டினான். "சிமிட்டு மனே."

சாம்பலில் ஒரு பக்கம் அசைந்தது. ஓர் உருவம் வாளியைக் கீழே வைத்தது. கதிரையை நோக்கி வந்தது. குனிந்தது. படம் முழுக்க ஒரு முகம் வந்து நின்றது, ஆற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற முகம்போல, கரை கலங்கி, நிறம் இல்லாமல்.

கண் திறந்திருந்தது. இரண்டும் முழுதாகத் திறந்து, கமராவுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தது.

பாலசுந்தரி சிமிட்டச் சொல்லவில்லை. வாய் அசைவதைக் கண்டுதான் கோகுலராஜுக்கு ஞாபகம் வந்தது, சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறோம் என்று. கலியாண வீட்டுச் சத்தம் யாருக்கு வேண்டும், பாட்டுத்தானே போடுவது. அவசரமாகச் சத்தத்தைத் திறந்து, கொஞ்சம் பின்னே போய், மறுபடி ஓடவிட்டான்.

இரைச்சல். எங்கேயோ வல்லிபுரம் யாரையோ ஏசுகிறார். பெண்கள் சிரிக்கிறார்கள். பிறகு, காதுக்குப் பக்கத்தில், மூச்சோடு சேர்ந்து ஒரு குரல்:

"அண்ணே, இதில சிவப்பு லைற் ஒண்டு எரியிது. ஓடுதா, நிக்கிதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த முகம் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருந்தது. பிறகு வெளிச்சம் திரும்பி வந்தது. ரதீஸ் கண்ணைப் பொத்திக்கொண்டு விலகினான்.

"இன்னொருக்கா விடு," என்றார் பாலசுந்தரி.

விட்டான்.

"இன்னொருக்கா."

எத்தனை தரம் விட்டான் என்று அவன் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் வல்லிபுரம் கீழே போய் மூன்று பிளேன்டீ வாங்கிவந்து மேசையில் வைத்தார். கொம்பியூட்டர் அறைக்குள் தேத்தண்ணீர் கூடாது என்று வைத்திருந்தவர் அவர். அதை அவரே கவனிக்கவில்லை. மூன்று கோப்பையும் ஆறிப்போயின.

படத்தை எடுத்துச் சுத்தம் செய்தபோது, புள்ளிகளை முற்றாக நீக்க வேண்டாம் என்று கோகுலராஜ் முடிவு செய்தான். நீக்க நீக்க முகம் மெழுகு ஆனது. கண்ணில் கை வைக்கவே இல்லை. பாலசுந்தரி மறுபடி வந்தபோது அச்செடுத்துக் கொடுத்தான். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், பிறகு அப்படிப் பார்ப்பது சரியில்லை என்று நினைத்தவர்போல் நிழலுக்குள் எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இவன்தான்," என்றார். "இந்தா, புகை போயிற்று."

துணிப்பைக்குள்ளிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நந்தியாவட்டைப் பூக்கள், ஈரமாக. "வரக்குள்ள புடுங்கினன். போன முற பாத்தன்தானே உன்ட கண்ண. உள்ள ஒண்டும் விடாத, டொக்டர் ஏசுவா. கண்ண மூடிப்போட்டு மேல வச்சுக்கொண்டு படு. குளிரும்."

பஸ் நிலையம் வரை அவரைக் கொண்டுபோய் விட்டான். வெயில் கடுமையாக இருந்தது. அவர் குடையைப் படத்தின் மேல் பிடித்துக்கொண்டு நடந்தார், தன் தலையில் வெயில் பட. களுவாஞ்சிகுடி பஸ் வந்தது. யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கோகுலராஜ் கீழே நின்றான். போகுமுன் ஒரு தரம் சொல்வார் என்று அவனுக்கு ஓர் எண்ணம் இருந்தது, அந்த ஒரு சொல்லை. பாலசுந்தரி பையைத் திறந்து, படத்தை அரைவாசி வெளியே எடுத்து, மடியில் நிழலுக்குள் வைத்துக் குனிந்திருந்தார். பஸ் கிளம்பியது. அவர் நிமிரவில்லை. அது நியாயம்தான் என்று அவன் நினைத்தான். மகன் கிடைத்திருக்கும்போது யார் தெருவைப் பார்ப்பார்கள்.

திரும்பி வரும்போது ஒரு சோடி எதிரே வந்தது. போன மாதத்துக் கலியாணம். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

"அந்த இருட்டு கிளிப்பை அழிச்சுப்போடு," என்றார் வல்லிபுரம். "இடம் பத்தாது. இண்டைக்கு வாழைச்சேனைக் கலியாணம் ஏத்தோணும்."

"ஓம் அண்ணே."

அழிக்கவில்லை. வேறொரு பெயரில், தாமரைக்குளத்துக்குப் பக்கத்தில் வைத்தான். பின்நேரம் வல்லிபுரம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குக் கமராவுடன் போன பிறகு, பின்னறையில் காற்றாடியின் சத்தம் மட்டும் இருந்தது. பாலசுந்தரி இருந்த கதிரை மேசையோடு சேர்ந்து, கொஞ்சம் அவன் பக்கம் திரும்பியபடி நின்றது. அதை நகர்த்த மனம் வரவில்லை.

வாழைச்சேனைக் கலியாணத்தைத் தொடங்கினான். மாப்பிள்ளை வந்தான், பெண் வந்தாள், மாமன்காரன் கமராவை மறைத்தான். நிமிர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கண் காய்ந்து, மணல் திரும்ப வந்திருந்தது. எவ்வளவு நேரம் சிமிட்டாமல் இருந்தான் என்று தெரியவில்லை.

கலியாணத்தை நிறுத்திவிட்டு அந்தக் கிளிப்பைத் திறந்தான். சாம்பல் கொதித்தது. முகம் வந்து குனிந்தது. ஊரெல்லாம் நடந்த கலியாணங்களில் எல்லோரும் கமராவைப் பார்த்தார்கள், அல்லது தங்களைப் பார்க்கப்போகிற உறவினர்களைப் பார்த்தார்கள். இவன் ஒருவன் மட்டும் அந்தப் பக்கம் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தான்.

"ஓடுதா, நிக்கிதா?"

"ஓடுது," என்றான் கோகுலராஜ்.

வெறும் அறையில் தன் குரல் அவ்வளவு உரக்கக் கேட்கும் என்று அவன் நினைக்கவில்லை. படத்தை நிறுத்தினான். எழும்பிப் போய், மடித்துச் செருகியிருந்த துணியின் மற்ற மூலை ஆணியையும் விரலால் அசைத்துக் கழற்றினான். துணி கீழே விழுந்தது. மொனிற்றரில் அவன் மூஞ்சி தெரிந்தது, வல்லிபுரம் சொன்னதுபோலவே, ரதீஸின் முகத்துக்கு மேல், மெல்லியதாக.

வாழையிலையில் பூக்கள் இன்னும் ஈரமாக இருந்தன. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடி, இரண்டு பூவை எடுத்து இமைமேல் வைத்தான். குளிர்ந்தது. ஆற்றில் ஏதோ ஓர் எஞ்சின் தோணி படுவான்கரைப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. அது முழுதாகத் தேயும்வரை கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.